தலைதீபாவளிக்கு இரண்டு கார்டு

என் மருமகன் தலைதீபாவளிச் சீராக ஒரு கிராபிக்ஸ் கார்டு கேட்டார். நான் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். அவர் கேட்ட வகையில் இரண்டு அல்ல, அதைவிடச் சக்தி குறைந்த வகையில் இரண்டு. அவை அவருக்குப் பயன்படாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். கிழவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆசையில் வாங்கிவிட்டார் என்று குடும்பத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பல வருடங்கள் அப்படியே நினைக்க விட்டேன்.

நான் சென்னையில் பாடி என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவைக் கவனித்து ஓய்வு பெற்றவன். பொறியியல் படித்தவன். வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து அம்பத்தூரில் வீடு கட்டித் தங்கிவிட்டோம். ஒரே மகள். அவள் தன்னோடு வேலை பார்த்த ஒருவரைத் தானே தேர்ந்துகொண்டு வந்து எங்கள் முன் நிறுத்தினாள்.

அவரும் பாடிக்காரர்தான். நான் பகலெல்லாம் வேலை செய்த ஊரில் அவர் பிறந்து வளர்ந்திருந்தார். அப்பா லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் இருந்து, இவர் படிக்கும்போதே இறந்துபோனவர். அம்மா வளர்த்த பிள்ளை. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்கள் பழுதானால் சரிசெய்து தரும் பிரிவில் வேலை. முதல்முறை எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்ததும், "இன்னா சார், நல்லா கீறீங்களா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே அவரை வெறுத்துவிட்டேன். இதற்கு மேல் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பேச்சு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நான் தினமும் கேட்டது. அதை வீட்டு வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தவன் நான். இப்போது அது என் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தது.

கல்யாணத்தை நடத்திக் கொடுத்தேன். குறை எதுவும் வைக்கவில்லை. "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்று மரியாதைக்கும் குறைவில்லை. அந்த மரியாதையை ஒரு சுவர் போல எழுப்பி வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்திருந்தார்கள். என் மனைவி பேச்சை ஆரம்பித்தாள்.

"மாப்பிள்ளைக்கு மோதிரம் போடலாம்னு இருக்கோம். விரல் அளவு குடுத்தீங்கன்னா சௌகரியம்."

"மோதிரம் வேணாம் அத்தே. கையில எதுனா இருந்தா மௌஸ் புடிக்க முடியாது. தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டா?"

அவர் கேட்டதுதான் அந்தக் கார்டு. கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு, திரையில் நொடிக்கு நொடி மாறும் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து தள்ளும் பாகம் அது. அலுவலக வேலைக்குத் தேவைப்படாது. வேகமான விளையாட்டுக்கு அதுதான் எல்லாம். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் அவர் ஒரு அணியில் இருந்தார். பொங்கல் கழிந்ததும் தகுதிச் சுற்று. தேறினால் பெங்களூரில் போய் ஆட வேண்டும். அதுவரை அண்ணனூரில் இருந்த ஒரு நண்பர் வீட்டு மெஷினில் பழகி வந்தார். தகுதிச் சுற்றை அவரவர் வீட்டிலிருந்து ஆட வேண்டும் என்பதால், அதற்குள் சொந்த மெஷின் தயாராகாவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக அணித்தலைவர் சொல்லிவிட்டாராம். மற்ற பாகங்களைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கிவிட்டார். கார்டு மட்டும் பாக்கி.

"எந்தக் கார்டு?" என்று கேட்டேன். பெயரும் எண்ணும் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு என் மகளின் மடிக்கணினியில் காட்டினார். அதே பக்கத்தில், கொஞ்சம் சிறிய கார்டுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி ஒரு பாலம் போலப் பட்டை போட்டு இணைத்த படம் ஒன்றும் இருந்தது. எனக்கு அது பிடித்துவிட்டது.

"இது நல்லாயிருக்கே. ரெண்டு சேர்ந்தா அந்த ஒண்ணைவிட ஜாஸ்தி வேகம்னு போட்டிருக்கான். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு தாங்கும்."

"பேப்பர்ல அப்பிடித்தான் மாமா போடுவான். பாதி கேம் ரெண்டாவது கார்டைக் கண்டுக்கவே கண்டுக்காது. சும்மா சூடாயிகினு உக்காந்திருக்கும். கண்டுகினாலும் பேஜாரு. ஒரு படத்தை இது வரையும், அடுத்த படத்தை அது வரையும். ரெண்டும் சமமா வராது. ஒண்ணு சீக்கிரம், ஒண்ணு லேட்டு. கணக்குக்கு நெறைய படம் ஓடும். கண்ணுக்குத் திக்கித் திக்கிப் போவும்."

"மாப்பிள்ளை, ரெண்டு டிரான்ஸ்பார்மரைச் சேத்து ஓட்டி ஒரு பேக்டரியையே நடத்தினவன் நான். லோடைப் பிரிச்சுக் குடுத்தா எதுவும் நல்லாத்தான் ஓடும்."

"அது கரெண்ட்டு மாமா. எந்தக் கம்பியில வந்தாலும் கரெண்ட்டு கரெண்ட்டுதான். இது படம். ஒண்ணு பின்னாடி ஒண்ணு வரிசையா வரணும்ல? செவுத்துக்குப் பின்னாலேந்து ஒருத்தன் எட்டிப் பாக்கறான்னு வைங்க. நான் பாக்கறதுக்குள்ள அவன் சுட்டுட்டுப் பூடுவான்."

என் மனைவி சிரித்தாள். மகளும் சிரித்தாள். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் பட்டது.

"விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி! வேலைக்கு இதுல பாதி படிச்சிருந்தா இந்நேரம் மேனேஜர் ஆயிருக்கலாம்."

மகள் "அப்பா!" என்றாள். அவர் மடிக்கணினியை மூடினார்.

"ஆயிருக்கலாம் மாமா. ஆனா எனக்கு இதுதான் நல்லா வருது. வேலை சுமாராத்தான் வருது."

தன்னைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் எழுந்து போய்விட்டேன்.

அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றியே படித்தேன். எனக்கு ஆங்கிலக் கட்டுரைகள் கடினமில்லை. வரைபடங்களைப் படிக்கத் தெரியும். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அவர் ஆடும் விளையாட்டின் பெயரைப் போட்டுத் தேடினேன். இரண்டு கார்டு பொருத்தியவர்கள் புலம்பியிருந்தார்கள், ஒற்றைக் கார்டு வைத்திருப்பவர்கள் அவர்களைக் கேலி செய்திருந்தார்கள். என் டிரான்ஸ்பார்மர் உவமை குழந்தைத்தனமானது என்று எனக்கே விளங்கிவிட்டது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தாமல் போனதற்கு ஒரு சின்னப் பேச்சு வழி செய்தது. என் மனைவி சீர்த்தட்டுகளை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தட்டுல ஒரே ஒரு டப்பா வெச்சா நல்லாவா இருக்கும்? பட்டாசு, பலகாரம், வேட்டி, புடவைன்னு எல்லாம் நிறைஞ்சு இருக்கும்போது மாப்பிள்ளைக்கு மட்டும் ஒத்தையா ஒண்ணு. அவங்க அம்மா சும்மா இருப்பாங்களா?"

அவள் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் முழுத் திட்டமும் அந்த இடத்திலேயே உருவானது. இரண்டு டப்பா வைத்தால் தட்டு நிறையும். கேட்டது ஒன்று, கொடுத்தது இரண்டு என்று உறவுக்காரர்கள் புகழ்வார்கள். மாப்பிள்ளையால் வாய் திறக்க முடியாது. திறந்தால் பேராசைக்காரர் ஆகிவிடுவார். சீர்ப் பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பதோ விற்பதோ அவமானம் என்று அவருடைய அம்மாவே தடுத்துவிடுவார். பெங்களூர் நின்றுபோகும். நின்றுபோனால் அவர் வேறு உருப்படியான வேலையைப் பார்ப்பார் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் வந்தது சந்தோஷம்தான்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். இரண்டையும் தாங்கும் பவர் சப்ளை வேண்டுமே என்று கணக்குப் போட்டு, அதையும் பெரியதாகவே வாங்கினேன். மின்சாரக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கடைக்காரர் பில் போடும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார்தான் கேம் ஆடப்போறீங்களா?"

"மாப்பிள்ளைக்கு. தலைதீபாவளி."

"டபுள் கார்டா! எனக்கெல்லாம் பித்தளைச் சொம்பு குடுத்து அனுப்பிட்டாங்க சார். உங்களை மாதிரி ஒரு மாமனாரு நமக்கு மாட்டலயே!"

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

தீபாவளி காலை. எண்ணெய்க் குளியல் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மாவும் அவருடைய அண்ணனும், அதாவது மாப்பிள்ளையின் தாய்மாமனும், பாடியிலிருந்து வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்து உறவினர்களும் இருந்தார்கள். தட்டை நானே தூக்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளை மேலே இருந்த துணியை எடுத்தார். ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள், ஓரமாகப் பவர் சப்ளை.

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைப் பார்க்கத்தானே அத்தனையும் செய்தேன். முதலில் டப்பாவில் இருந்த எண்ணைப் படித்தார். இன்னொரு டப்பாவின் எண்ணைப் படித்தார். மறுபடியும் முதல் டப்பாவின் எண்ணைப் படித்தார்.

"ஒண்ணு கேட்டீங்க. எங்க வீட்டுல ஒத்தையாக் குடுக்கிற பழக்கம் இல்லை" என்றேன்.

தாய்மாமன் தொடையைத் தட்டிக்கொண்டு, "பாத்தியா நைனா, மாமனாரு ரெட்டை மாடு பூட்டிக் குடுத்துட்டாரு! ஓட்டு வண்டிய!" என்றார். கூடம் முழுவதும் சிரிப்பு. சம்பந்தியம்மாவின் முகத்தில் பெருமை பொங்கியது.

மாப்பிள்ளை எனக்கு மட்டும் கேட்கும்படி, "மாமா, பில்லு கீதா?" என்றார்.

"சீரை மாத்தறதா? பில்லைக் கிழிச்சுப் போட்டாச்சு மாப்பிள்ளை."

பில் என் சட்டைப் பையில் இருந்தது.

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு, முறைப்படி எங்கள் இருவர் காலிலும் விழுந்து எழுந்தார்.

அவர் இரண்டையும் பொருத்திப் பார்த்திருக்கிறார். எல்லா வழியிலும் முயன்றிருக்கிறார். இரண்டும் ஓடினால் படம் திக்கியது. ஒன்றை நிறுத்திவிட்டு ஆடினால், சண்டை மும்முரமாகும் நேரத்தில் அந்த ஒற்றைச் சிறிய கார்டு மூச்சு வாங்கியது. விற்றுவிட்டு அந்த ஒன்றை வாங்கலாம் என்று அவர் சொன்னபோது, சம்பந்தியம்மா, "சம்பந்தி ஆசையா குடுத்ததை வித்துத் தின்றதா? நாலு பேரு காறித் துப்புவான்" என்று மறித்துவிட்டார். நான் எதிர்பார்த்த வார்த்தைகளே ஏறக்குறைய. பொங்கல் முடிந்தது. அவர் இடத்தில் வேறு ஒருவர் ஆடினார். அந்த அணி பெங்களூருக்குப் போனது.

மகள் தனியாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று கேட்டாள்.

"அப்பா, அவர் அத்தனை விளக்கமா சொன்னாரே. தெரிஞ்சே செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

"தெரியாமத்தான்மா. நல்லதுன்னு நினைச்சுத்தான்."

அவள் என்னையே பார்த்தாள். "அவரும் அதையேதான் சொல்றாரு. உங்கப்பாவுக்குத் தெரியாது, அவரைப் போய் எதுவும் கேக்காதன்னாரு. நான்தான் நம்பாம வந்தேன்." அழுதாள். தண்ணீர் குடிக்காமல் போனாள்.

அதன்பின் அவர் அந்த விளையாட்டை ஆடவில்லை. அவர்கள் நசரத்பேட்டையில் அடுக்குமாடி வீடு ஒன்றுக்குப் போனார்கள். பேத்தி பிறந்தாள். பண்டிகைக்கு வருவார்கள், போவார்கள். என்னிடம் அவர் பேசுவது "சாப்டேன் மாமா", "கெளம்பறோம் மாமா" என்ற அளவுக்குச் சுருங்கியது. நானும் என் சுவரை இறக்கவில்லை. இரண்டு கார்டு சேர்த்துப் போடும் முறையையே கம்பெனிக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று எங்கேயோ படித்தபோதுகூட, தாளைத் திருப்பிவிட்டுப் போய்விட்டேன்.

பேத்திக்குக் காது குத்தினார்கள். பூந்தமல்லியில் ஒரு சிறிய மண்டபம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். பாயசம் வந்த உற்சாகத்தில் பழைய கதையை எடுத்தார்.

"இன்னாபா, உன் மாமனாரு குடுத்த ரெட்டை மாடு இன்னா ஆச்சு? வண்டி ஓடவேயில்லியாமே!"

பரிமாறிக்கொண்டிருந்த மருமகன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தாய்மாமன் பக்கம் திரும்பினார். "உடு மாமா. அவரு ஆசையா வாங்கினாரு. அவருக்கு இன்னா தெரியும் அதப் பத்தி? அத்தப் போயி இன்னும் இழுத்துகினு."

அவர் சொன்ன தொனியில் கேலி இல்லை. உண்மையாகவே எனக்காகப் பேசினார். இலையை விட்டு எழுந்து நின்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "அது உபயோகப்படாதுன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாங்கினேன். மாத்த முடியாதபடி பில்லையும் மறைச்சேன். நாலு பேர் முன்னால செஞ்சதை நாலு பேர் முன்னாலயே சொல்லணும். மாப்பிள்ளை, என்னை மன்னிச்சிடுங்க."

இப்படிச் சொன்னால் மனப்பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். சம்பந்தியம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தார்.

"அப்போ என் புள்ள சோத்துல மண்ணள்ளிப் போட்டது நீதானா? நான் வேற, சம்பந்தி ஆசையா குடுத்தாரு, விக்காதடான்னு அவன் வாயை அடைச்சேனே! படிச்ச மனுசனாய்யா நீ?"

யாரோ அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மருமகன் என் கையைப் பிடித்து மண்டபத்துக்கு வெளியே அழைத்துக்கொண்டு வந்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

"எதுக்கு மாமா இப்போ சொன்னீங்க?"

"உங்ககிட்ட மறைக்க முடியலை."

"நீங்க தெரியாம செஞ்சீங்கன்னு நெனச்சிகினு நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேன். இப்போ உங்க பாரம் எறங்கிடுச்சு, என் தலையில ஏத்திட்டீங்க. எங்கம்மா இன்னிக்கித் தூங்குமா? என் கொழந்த விசேஷத்துல செய்யணுமா இத்த? அன்னிக்கும் கூட்டம் வேணும் உங்களுக்கு, இன்னிக்கும் கூட்டம் வேணும்."

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. என் மனைவி சாப்பாடு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்போது விற்பதில் சிறந்த ஒற்றைக் கார்டு எது என்று விசாரித்து, அதை வாங்கிக்கொண்டு நசரத்பேட்டைக்குப் போனேன். மகள் கதவைத் திறந்து வழிவிட்டாள். மருமகன் டப்பாவைப் பார்த்தார். தொடவில்லை.

"திரும்பவும் தட்டைத் தூக்கிகினு வந்துட்டீங்களா மாமா? இத்த எங்க சொருவறது? அந்தப் பொட்டியே இல்ல இப்போ. அன்னிக்கி ஆடினவங்க யாரும் ஆடறதும் இல்ல."

"வேற நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யாதீங்க. அதான் கேக்கறேன். இந்த ஊட்ல எது வாங்கறதா இருந்தாலும் நீங்க ஐடியா சொல்லக் கூடாது. நல்லதோ கெட்டதோ, வாயத் தொறக்கக் கூடாது. அப்பிடின்னா வாங்க, கொழந்தையப் பாருங்க, சாப்டுங்க."

ஒப்புக்கொண்டேன். டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். மறுபடியும் போக்குவரத்து தொடங்கியது. அவர்கள் வீட்டில் சோபா வந்தது, அலமாரி வந்தது. எல்லாவற்றுக்கும் வாய் மூடியிருந்தேன்.

கோடையில் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமைதான் பொருத்தி முடித்திருந்தார்கள். சிறிய பேட்டரி. விளக்குக்கும் மின்விசிறிக்கும் போதுமானது. அதன் இணைப்பிலேயே பிரிட்ஜையும் கொடுத்திருந்தார்கள். சீக்கிரமே பேட்டரி காலியாகிவிடும் என்று பார்த்ததும் தெரிந்தது. என் வாழ்நாள் முழுவதும் பார்த்த வேலை அது. கொடுத்த வாக்குப்படி பேசாமல் இருந்தேன்.

மத்தியானம் கரெண்ட் போனது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு வாங்குவதற்குள் இன்வெர்ட்டர் கீச்சிட்டது. மின்விசிறி நின்றது. பேத்தி வியர்த்து அழுதாள். மருமகன் எழுந்து போய் இன்வெர்ட்டரைப் பார்த்தார். பிறகு பிரிட்ஜைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பிரிட்ஜாலதானே? உங்களுக்கு அப்பவே தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்கதான் எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க மாப்பிள்ளை. அதான் பேசாம இருந்தேன்."

அவர் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"வாக்குக்காகப் பேசாம இருந்தீங்களா, நான் அவமானப்படட்டும்னு பேசாம இருந்தீங்களா, எனக்குப் புரிய மாட்டேங்குது மாமா. அன்னிக்கும் உங்களுக்குத் தெரியும், பேசாம இருந்தீங்க. இன்னிக்கும் தெரியும், பேசாம இருந்தீங்க. இனிமே நீங்க சும்மா உக்காந்திருந்தாலே எனக்குச் சந்தேகமாத்தான் கீது."

வாக்குக்காகத்தான் என்று சொன்னேன். அது உண்மை. அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் நம்பிக்கை எதுவும் இல்லை. மகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு காற்றுக்காக மாடிப்படிக்குப் போனாள். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டோம்.

மாதம் ஒருமுறை இன்னும் போகிறேன். கதவைத் திறந்து "வாங்க மாமா" என்பார். நான் உள்ளே நுழைந்ததும், புதிதாக ஏதாவது வாங்கியிருந்தால் அதன்மேல் என் கண் எங்கே போகிறது என்று பார்ப்பார்.